பெட்டிக்குள் விழுந்த சொல்

காணிக்கைப் பெட்டிக்கு வாய் உண்டு, நாக்கு இல்லை. தன்னுள் விழுந்த பணத்தைப் போட்டவர் யார், எதற்காகப் போட்டார், கண்ணீரோடு போட்டாரா, கடமைக்குப் போட்டாரா என்று அது சொல்லாது. ஆகவே பெட்டியின் சார்பில் பேசும் பொறுப்பு, அதன் சாவியை வைத்திருப்பவரைச் சேர்கிறது. 25 ஆண்டுகளுக்கும் மேலாக ஏதேனும் ஒரு கோவிலின் சாவிக்கொத்தைச் சுமந்துவரும் நாம், மறையுரை ஆற்ற அஞ்சியதைக் காட்டிலும் பெட்டி திறக்க அஞ்சியதே மிகுதி. அருளைப் பற்றியும் மீட்பைப் பற்றியும் ஆயிரம் பக்கம் பயின்று குருமடத்தை விட்டு வந்தவர்களைப் பங்குப்பணி முதல் வாரத்திலேயே பேரேட்டின் முன்னே அமர்த்திவிடுகிறது. பேரேடும் ஓர் இறையியல் நூலே என்பது பிறகுதான் விளங்குகிறது.

திருச்சிராப்பள்ளி நகரில் நாம் இப்போது பணியாற்றும் பங்கில் பெட்டிகள் நான்கு. தலைவாசலருகே பொதுக் காணிக்கை. புனித அந்தோனியார் சுரூபத்தின் காலடியில், 'அந்தோனியார் அப்பம் – ஏழைகளுக்கு' என்று எழுதிய பெட்டி. உத்தரிக்கிற ஆன்மாக்களின் திருப்பலிக்கென ஒன்று. கட்டட நிதிக்கென ஒன்று. நான்கையும் ஒரே மேசையில் கவிழ்த்தால் பணம் கலந்துவிடும். ரூபாய்த் தாளுக்கு முகம் ஒன்றுதானே! அதனால் நான்கு நிறத்தில் நான்கு துணிப்பைகள் தைத்து வைத்திருக்கிறோம். ஒரு பையை எண்ணி, எழுதி, கையொப்பமிட்ட பிறகே அடுத்த பெட்டியின் பூட்டு திறக்கும். எண்ணுவோர் மூவர், அவர்களுள் பங்குத்தந்தை இல்லை. "பச்சைப் பையில் போட்டாலும் சிவப்புப் பையில் போட்டாலும் போய்ச் சேர்வது ஒரே பாங்குதானே சாமி" என்று கோவில்பிள்ளை முதலில் சிரித்தார். இப்போது பை மாறினால் முதலில் கூச்சலிடுபவர் அவர்தாம்.

அந்தோனியார் அப்பத்தின் கதையை வாசகர் பலர் அறிந்திருப்பர். பிரான்சு நாட்டுத் தூலோன் நகரில் லூயிசு பூஃபியே என்ற பெண்ணின் கடைப்பூட்டு 1890இல் ஒருநாள் திறக்க மறுத்தது. கதவை உடைக்காமல் திறக்க அருள்புரிந்தால் ஏழைகளுக்கு அப்பம் தருவதாக அவர் அந்தோனியாரிடம் நேர்ந்துகொண்டார், பூட்டும் திறந்தது. அக்கடையிலிருந்து பரவிய வழக்கமே இன்று நம் ஊர்க் கோவில்களில் செவ்வாய்தோறும் பெட்டியாய் நிற்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெட்டியின்மேல் உள்ள எழுத்து வெறும் விளம்பரம் அன்று. பணம் போடுபவரின் வாய்ச்சொல் அது. நோயாளியான மகனுக்காகவோ தொலைந்த தாலிக்காகவோ மன்றாடியவர், தமக்கும் புனிதருக்கும் இடையே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு பணத்தை உள்ளே விடுகிறார். அப்பணத்தில் ஒலிபெருக்கி வாங்கினால், வாக்குக் கொடுத்தவர் ஒருவர், வாக்கை முறித்தவர் வேறொருவர் என்றாகும். செவ்வாய்க்கிழமை நம் கோவிலுக்கு வருவோருள் கத்தோலிக்கர் அல்லாதாரும் பலர். திருச்சபைச் சட்டம் என்று ஒன்று இருப்பதே அவர்கள் அறியார். ஆயினும் அந்த அப்பம் யாருக்குரியது என்பதை நன்கு அறிவர்.

சட்டத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவோம். நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் 1267ஆம் எண் நம் பொருளுக்கு மையமானது. பொறுப்பாளரின் கையில் தரப்படும் காணிக்கை, வேறுவிதமாகத் தெளிவானாலன்றி, அவருக்கன்று, அவர் நிருவகிக்கும் அமைப்புக்கே தரப்பட்டதாகக் கொள்ளவேண்டும் என்பது அதன் முதற்கூறு. 'சாமி கையில் கொடுத்தேன்' என்பதால் அது சாமியின் பணமாகிவிடாது. மூன்றாம் கூறு, குறித்த ஒரு நோக்கத்துக்காக மக்கள் தந்ததை அந்நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது. 'மட்டுமே' என்ற அச்சொல்லுக்கு விதிவிலக்கு ஏதும் அங்கே எழுதப்படவில்லை. தேர்வுக்காக அவ்வெண்ணை மனப்பாடம் செய்தபோது எளிதாகத்தான் இருந்தது.

சில ஆண்டுகளுக்குமுன், வடகிழக்குப் பருவமழை தொடங்கவிருந்த நேரம். ஞாயிறு மாலை பொதுப் பெட்டியைத் திறந்தபோது, பழைய நாள்காட்டித் தாளில் மடித்த ஒரு கட்டு கிடந்தது. 500 ரூபாய்த் தாள்கள் எண்பது. உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு: பாட்டுப் புத்தகம் வாசிக்க முடியாத பாட்டிகளுக்குக் கண்ணாடி வாங்கவும், பெயர் வேண்டாம். அவ்வளவுதான்.

40,000 ரூபாய் எம்மைப் போன்ற பங்குக்குச் சிறு தொகை அன்று. அதே வாரத்தில் கோவிலின் கூரை பீடத்துக்கு இடப்புறம் விரிசல் கண்டிருந்தது. கொத்தனார் கேட்ட முதல் தவணையும் ஏறத்தாழ இதே தொகை. இப்படி ஒரு பொருத்தம் நேரும்போது மனித மனம் அதைக் கடவுளின் ஏற்பாடு என்று அழைக்கத் துடிக்கிறது. நிதிக்குழு கூடியது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்பது 537ஆம் எண். ஆனால் அக்குழு கூரைக்கும் கண்ணாடிக்கும் இடையே எப்படித் தெரிவுசெய்வது என்பதற்கு எண் ஏதுமில்லை.

பேசியவர்கள் எவரும் தீயவர் அல்லர். வணிகம் செய்யும் ஒருவர், "பெயர் இல்லாதவருக்கு யார் சாமி பதில் சொல்லப் போகிறோம்? கூரை இடிந்தால் ஊரே கேட்கும்" என்றார். வேறொருவர் இன்னும் நயமாக ஒரு வழி கண்டார்: "எடுத்துக்கொள்ள வேண்டாம், கைமாற்றாக வைத்துக்கொள்வோம். திருவிழா வரவில் திருப்பிப் போட்டுவிடுவோம்." நம் கோவில் கணக்குகளில் மிகுந்த தீங்கு விளைப்பது இந்தக் கைமாற்றுதான் என்பது நம் துணிபு. திருட்டு என்றால் எல்லாரும் அஞ்சுவர். கைமாற்று என்றால் எல்லாரும் தலையாட்டுவர். திருவிழாவில் மழை பெய்தால் வரவு குறையும், குறைந்தால் அடுத்த திருவிழா வரும். கூரைக்குக் காத்திருக்கத் தெரியும். 80 வயது மூதாட்டிக்குக் காத்திருக்க எத்தனை திருவிழா உண்டு?

குழுவில் பொன்மலை இரயில்வே பணிமனையின் கணக்குப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அதுவரை வாய் திறக்காமல் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கள் அலுவலகத்தில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு சாமி. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத பணத்தை, தெரியும்வரை அதில் நிறுத்தி வைப்போம். இந்தச் சீட்டில் தெரியாதது ஒன்றுமில்லை. கண்ணாடி என்று எழுதியிருக்கிறது. தெளிவில்லாதது நம் மனசுதான்." அன்று முடிவு எட்டப்படவில்லை. அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தோம்.

அந்த இடைப்பட்ட வாரத்தில், வேறொரு காரணத்துக்காகக் காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் செல்ல நேர்ந்தது. கல்வெட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அங்கே வாழ்கிறார். அரங்கநாதர் கோவிலின் உட்பகுதி நமக்கு எல்லை. வெளிச்சுற்றுகளின் சுவர்களோ எவரும் படிக்கத் திறந்த ஏடுகள். ஏழு சுற்று மதில்களைக் கொண்ட அக்கோவிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாகவே வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை என்ன சொல்கின்றன என்று நண்பரைக் கேட்டோம். "போர் வெற்றி, புகழ்மாலை எல்லாம் முன்னுரைதான் ஃபாதர். உள்ளே போனால் கணக்குதான். இன்னார், இன்ன விளக்குக்கு, இவ்வளவு தந்தார்."

விளக்குக் கொடைகளைப் பற்றி அவர் விரித்துரைத்தது நம் நெஞ்சில் தைத்தது. சோழர் காலத்தில் அணையா விளக்கு ஒன்றுக்கு ஆடுகளைக் கொடையளிப்பது பெருவழக்கு. தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளில் விளக்கொன்றுக்கு ஆடு 96. ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு எங்கே இருக்கிறது? உயிருள்ள ஆடு சாகத்தான் செய்யும். ஆனால் பிறக்கும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிறைத்துக்கொள்வது ஏற்றவரின் கடன். ஆடு செத்தது என்று சொல்லி நெய்யை நிறுத்த முடியாது. முதல் குறையாமல், நோக்கம் மாறாமல் காக்கப்படவேண்டிய நிதிக்கு இதனினும் அழகிய பெயரை எந்தக் கணக்கியல் நூலும் தந்ததாக நாம் அறியோம். எம் பங்கின் பழைய பேரேட்டில், தம் பெற்றோரின் ஆன்மாவுக்கென ஆண்டுக்கொரு திருப்பலி நிரந்தரமாக நிறைவேற்றுமாறு ஒருவர் வைத்த 100 ரூபாய் உண்டு. அதன் வட்டியில் இன்று ஒரு மெழுகுதிரி வாங்குவதே கடினம். அத்தகைய கடமைகளைக் குறைக்கவோ மாற்றவோ சட்டம் வழி வைத்திருக்கிறது; ஆனால் அவ்வதிகாரம் ஆயரைச் சார்ந்தது, பங்குத்தந்தையின் பேனாவைச் சார்ந்ததன்று.

கல்வெட்டுகளின் முடிவில் அக்கொடையை இன்னார் காக்க என்று ஒப்படைப்பதும் வழக்கம். சிவன் கோவில்களில் மாகேசுவரரின் காவலிலும், திருவரங்கம் போன்ற பெருமாள் கோவில்களில் திருவைணவரின் காவலிலும் அறம் வைக்கப்படும். அதாவது அரசன் அளித்தாலும் ஆடுமேய்ப்பவன் அளித்தாலும் காவல் அடியார் கூட்டத்தைச் சேர்ந்தது. பூசகரின் பெட்டியில் பூட்டப்பட்டதன்று, மக்கள் நடமாடும் சுவரில் வெட்டப்பட்டது. விசயநகரக் காலத்தில் தொடங்கி நின்றுபோய் 'மொட்டைக் கோபுரம்' என்று பல நூற்றாண்டு வழங்கிய தென்வாயிற் கோபுரத்தை, அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் முன்னின்று 13 நிலைகளோடு 1987இல் நிறைவாக்கினார். அதில் ஒரு நிலைக்கான செலவை இசையமைப்பாளர் இளையராசா ஏற்றுக்கொண்டார் என்பதை ஊர் அறியும். பாலத்தைக் கடக்கையில் 236 அடி உயரத்தில் அது கண்ணில் படும்போதெல்லாம், இன்ன நிலை இன்னாருடையது என்று சொல்பவர்கள் பேருந்திலேயே உண்டு.

நம் நண்பரிடம் நம் சீட்டைப் பற்றிச் சொன்னோம். அவர் சற்று வியந்தார். "பெயர் வெட்டாத கொடையா? அப்படியானால் கேட்க வாரிசும் வரமாட்டான்." இந்தச் சொல் நிதிக்குழுவில் வணிகர் சொன்னதன் மறுபக்கம். பெயர் வெட்டப்பட்ட கொடைக்குக் கல்லே சாட்சி. பெயரன் வந்து, 'என் பாட்டன் விளக்கு எங்கே?' என்று கேட்கலாம். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் அறிவுரையைக் கடைப்பிடித்துப் பெயரை மறைத்தவரோ, கேட்கும் உரிமையையும் சேர்த்தே நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறார். திரும்பிக் கேட்கமாட்டேன் என்பதைவிடப் பெரிய நம்பிக்கையை ஒருவர் இன்னொருவர்மேல் வைக்கமுடியுமா?

அடுத்த கூட்டத்தில் நாம் அதிகம் பேசவில்லை. அரசர்கள் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தை வாசிக்கச் செய்தோம். யோவாசு அரசன் காலத்தில் ஆலயப் பழுது பார்க்க மக்கள் தந்த பணம் குருக்களிடம் சேர்ந்தது. அரசனின் 23ஆம் ஆட்சியாண்டு வந்தும் பழுது பார்க்கப்படவில்லை. எனவே குரு யோயாதா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பீடத்தருகே வைத்தார். திருமறையில் நாம் காணும் முதல் காணிக்கைப் பெட்டி பக்தியினால் பிறந்ததன்று, குருக்கள்மேல் எழுந்த ஐயத்தினால் பிறந்தது என்பதை நம் போன்றோர் அடிக்கடி நினைத்துக்கொள்வது நலம். நிறைந்தபோது அரசனின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணினர். அப்பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் போயிற்று; அதிலிருந்து வெள்ளிக் கிண்ணம் ஒன்றுகூடச் செய்யப்படவில்லை என்று நூலாசிரியர் குறித்து வைக்கிறார். எவ்வளவு செலவானது என்பதை மட்டுமன்றி, எதற்குச் செலவாகவில்லை என்பதையும் எழுதிய கணக்கு அது. வாசகத்தின் இறுதியில் முதியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தீர்மானம் கண்ணாடிக்கே ஆயிற்று.

மழை நமக்காகக் காத்திருக்கவில்லை. கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று பீடத்தின் இடப்பக்கம் இரண்டு வாளிகள் வைத்துத்தான் திருப்பலி நிறைவேற்றினோம். அப்பம் பிட்கையில் சொட்டுச் சொட்டென்று ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. "கண்ணாடி போட்டுக்கொண்டு ஒழுகுகிற கூரையைப் பார்க்கலாம்" என்று வெளியே ஒருவர் உரக்கவே சொன்னார். அன்பியம்தோறும் தண்டல் செய்து கூரையைச் சீராக்கத் தவக்காலம் வரை ஆயிற்று. குழுவில் ஒருவர் விலகிக்கொண்டார். அவர் இன்றும் நன்மை வாங்க வருகிறார், நம்மோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

கண்ணாடி வாங்கியதும் எளிதாக முடியவில்லை. கண் பரிசோதகரை வரவழைத்து ஞாயிறு பிற்பகலில் பார்த்தபோது, 49 மூதாட்டிகளுக்குக் கண்ணாடி போதும் என்றும், ஐவருக்குக் கண்புரை என்றும் தெரிந்தது. கண்புரைக்கு அறுவைதான் வேண்டும். சீட்டிலோ கண்ணாடி என்றே இருக்கிறது. சீட்டின் எழுத்தைப் பார்ப்பதா, பாட்டிகள் பாட்டு வாசிக்கவேண்டும் என்ற எண்ணத்தைப் பார்ப்பதா? நல்லவேளையாக, இலவச அறுவை முகாம் ஒன்று அம்மாதம் நடந்தது. ஐவரையும் அனுப்பினோம். ஆட்டோ கட்டணம் பொதுக் கணக்கில். அறுவைக்குப் பிந்திய கண்ணாடி இந்தக் கணக்கில். ஒன்று 700 ரூபாய் வீதம் 54 கண்ணாடிக்கு 37,800 ரூபாய். மீதி 2,200.

பிறகு மூன்று தாத்தாக்கள் வந்து நின்றார்கள். "எங்களுக்கு இல்லையா சாமி? நாங்களும் பாடுகிறவர்கள்தானே?" இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஆயினும் கொடையாளர் பாட்டிகள் என்றுதான் எழுதியிருந்தார். அவர் ஊரில் அறியப்பட்டவராயின் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டிருப்போம். 'தாத்தாக்களுக்கும் வாங்குங்கள் சாமி' என்றுதான் பெரும்பாலும் சொல்லியிருப்பார். அவரைக் கேட்க வழியில்லை. இங்கேதான் நாம் நெடுநாள் உணராத ஓர் உண்மை புலப்பட்டது. பெயர் சொன்னவரின் நிபந்தனை நெகிழக்கூடியது, ஏனெனில் அவரிடம் திரும்பிப் போகலாம். பெயர் சொல்லாதவரின் நிபந்தனை நெகிழாது. கேட்பாரற்ற பணம் என்று நாம் எதை எண்ணுகிறோமோ, அதுவே மிக இறுகக் கட்டப்பட்ட பணம். தாத்தாக்கள் மூவரும் வறியவர்கள். அவர்களுக்குரிய கண்ணாடியை அந்தோனியார் கணக்கில் வாங்கினோம். அப்பம் என்ற சொல்லைக் கண்ணாடிவரை நீட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: பெட்டியில் 'ஏழைகளுக்கு' என்றும் எழுதியிருக்கிறது.

இந்த நிகழ்ச்சிக்குப் பின் மக்களிடம் ஒன்றைத் தெளிவாக அறிவித்தோம். பெயர் அறியப்படாதிருப்பது வேறு, பெயர் அறிவிக்கப்படாதிருப்பது வேறு. புகழ் வேண்டாதவர் பங்குத்தந்தையிடமோ பொருளாளரிடமோ பெயர் தந்து இரசீது பெறலாம். அறிவிப்புப் பலகையில் 'ஒரு விசுவாசி' என்றே இருக்கும். பெயரும் முகவரியும் பதிவேட்டில் மட்டும் இருக்கும். பதிவேடு ஆண்டவர் கண்டித்த எக்காளம் அன்று. பக்கத்து வீட்டார் அறியாதிருந்தால் போதும், பேரேடு அறிந்திருக்கலாம்.

நாட்டின் சட்டமும் இந்த வேறுபாட்டின்மேலேயே நிற்கிறது. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் 2006இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. கொடுத்தவரின் பெயர், முகவரி பதியப்படாத நன்கொடைக்கு 30 விழுக்காடு வரி என்றது அது. மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு இலட்சம் ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அதுவரை விலக்கு என்று 2009இல் தளர்த்தப்பட்டது. முற்றிலும் சமயப் பணிக்கான அறக்கட்டளைகளை இப்பிரிவு தொடவில்லை. சமயமும் அறப்பணியும் இணைந்த அறக்கட்டளைகளையும் பொதுவாக விட்டுவிட்டது; ஆனால் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை இவற்றுக்கென்று குறித்துத் தரப்பட்ட பெயரற்ற பணத்தை மட்டும் வரிக்குள் கொண்டுவந்தது. எண்ணிப் பாருங்கள்: பெட்டியில் வெறுமனே விழுந்த தாளுக்கு வரியில்லை, அதே தாளோடு 'பள்ளிக்கு' என்று ஒரு சொல் சேர்ந்து விழுந்தால் கணக்கே மாறுகிறது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் பெயரில்லாப் பணம் வந்தால் அது உண்மையில் நன்கொடைதானா, சேர்க்கைக்குக் கைமாறிய தொகையா என்ற ஐயமே இதன் பின்னணி. அந்த ஐயத்தை முற்றும் அநியாயம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமானவரிச் சட்டத்திலும் பெயரற்ற நன்கொடைக்குத் தனி இடம் உண்டு. எனவே பள்ளிக்கென்று தருவோர் பெட்டியை நாடாமல் இரசீதை நாடும்படி வேண்டுகிறோம்.

வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகளின் அன்பும் இவ்வாறே முறைப்படி வரவேண்டியிருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு அங்கே உழைப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் ஊரில் ஞானத்தீட்சை பெற்றவரேயாயினும், அது வெளிநாட்டு நன்கொடையே. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் அதற்கெனப் பதிவுபெற்ற அமைப்பு, புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகவே பெறமுடியும். விடுமுறைக்கு வருபவர் ஒருவர் இன்னொருவருக்காகக் கொண்டுவரும் பெயரில்லா உறையை நாம் திருப்பித் தந்திருக்கிறோம். வருத்தத்தோடுதான்.

திருப்பலிக் காணிக்கையை இந்த வரிசையில் சேர்க்காமல் விடலாகாது. குறித்த நோக்கத்தோடு தரப்படும் காணிக்கைகளுள் மிகப் பழகியது அதுதான். தனித்தனியே பெற்ற காணிக்கைகளுக்குத் தனித்தனித் திருப்பலி நிறைவேற்றவேண்டும், அவற்றுக்குத் தனிக் குறிப்பேடு வைக்கவேண்டும் என்பது சட்டம். பல கருத்துகளை ஒரே திருப்பலியில் சேர்ப்பதற்கு 1991ஆம் ஆண்டு உரோமை ஆணை வரையறை விதித்தது: கொடுத்தவர்களுக்கு முன்னரே சொல்லி இசைவு பெறவேண்டும், வாரத்தில் இரு நாளுக்கு மேல் கூடாது, குருவுக்கு ஒரு காணிக்கை மட்டுமே, எஞ்சியது ஆயர் குறிக்கும் பணிக்கு. நீண்ட பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படும் கோவிலில் இருக்க நேர்ந்தால், வாசகர் இந்த இசைவைப் பற்றிப் பணிவோடு கேட்கலாம். கேட்பது பாவமன்று.

எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பவுலடியார் தாம் மட்டும் எடுத்துச் செல்லவில்லை. தீத்துவோடு, சபைகள் தேர்ந்த ஒருவரையும் அனுப்பினார். ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் தங்கள்மேல் பழி வராதிருக்கவேண்டும் என்று கொரிந்தியருக்குக் காரணமும் எழுதினார். திருத்தூதருக்கே சாட்சி தேவைப்பட்டதென்றால், திருச்சியின் ஒரு மூலையில் இருக்கும் பங்குத்தந்தைக்குத் தேவைப்படாதா? மக்கள் தந்த பொருள்களின் கணக்கை மக்களுக்கே ஒப்படைக்கச் சொல்லும் 1287ஆம் எண்ணை முன்னிட்டு, ஆண்டுதோறும் சனவரி மாத இரண்டாம் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் பங்கில் கணக்கு வாசிக்கப்படுகிறது. பாதிப்பேர் எழுந்து போய்விடுவர். மூதாட்டிகள் இருந்து கேட்பர்.

அக்கணக்கில் 'கண்ணாடி – இருப்பு ரூ. 2,200' என்ற வரி இன்னும் இருக்கிறது. தணிக்கையாளர் ஆண்டுதோறும் இதைப் பொதுக் கணக்கில் சேர்த்து முடித்துவிடலாமே என்பார். ஒரு பாட்டியின் கண்ணாடி உடையட்டும் என்று நாமும் ஆண்டுதோறும் சொல்வோம். சென்ற தவக்காலத்தில் மீண்டும் ஒரு சீட்டு வந்தது. 1,000 ரூபாயோடு, 'சாமி விருப்பம்போல' என்று எழுதியிருந்தது. எழுத்து அதே பென்சிலின் எழுத்தா என்று பொருளாளரும் கோவில்பிள்ளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தனர், நாம் பார்க்கவில்லை. 1267ஆம் எண்ணின் முதற்கூற்றின்படி அது பங்கின் பணம். பொதுக் கணக்கில் வரவு வைத்தோம். அம்மாத மின்கட்டணத்தில் அது போயிற்று.